பின் சில்லும் பிந்தி வந்த பிள்ளையும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது இருந்து வாசியுங்கள். வீட்டில் சைக்கிள் வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள். எங்களைப் பற்றி நாங்களே எழுதும் முறைப்பாடு என்றும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

"நாங்கள்" என்று எழுதுவது மூன்று பேரை. ஒருவர் கணிதம், ஒருவர் விஞ்ஞானம், இதைத் தட்டச்சு செய்பவர் தமிழ். கல்வியியற் கல்லூரியில் ஒரே விடுதியில் இரண்டு வருடம் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒரு வருடம் பயிற்சிக்காகப் பிரிந்து போய், கடைசியில் ஒரே பாடசாலைக்கு நியமனம் பெற்று வந்தவர்கள். இதில் வரும் பிள்ளையின் பெயரையும் இடத்தையும் எழுதவில்லை. அவனிடமும் அவனுடைய மூத்தம்மாவிடமும் கேட்டுத்தான் எழுதுகிறோம்.

எட்டாந் தரத்தில் படிக்கிறான். வீடு வயற்பக்கம். வாய்க்கால் கட்டால் வந்தால் பாடசாலைக்கு மூன்று மைலுக்குக் கிட்ட இருக்கும். கடந்த மாரி முடிந்த கையோடு பிந்தி வரத் தொடங்கினான். 7.30க்கு மணி அடித்து கேற் பூட்டுவோம். இவன் 7.50க்கு வருவான், சில நாட்களில் எட்டு மணியும் தாண்டும். மாணவத் தலைவர்கள் பெயர் எழுதித் தருவார்கள். நாங்கள் ஏசுவோம். மைதானத்தில் குப்பை பொறுக்க விடுவோம். ஒரு நாள் காலைக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் நிற்க வைத்து, "படுக்கையை விட்டு எழும்ப மனமில்லாத ஆக்கள்" என்று எங்களில் ஒருவர் பேசியும் விட்டார். எவர் என்று எழுதவில்லை. மூன்று பேரும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

இரண்டு கிழமை இப்படிப் போனது. அவன் வாய் திறக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பியாஜே சொன்னது, வைகொட்ஸ்கி சொன்னது என்று விடுதியில் விடிய விடிய மனனம் செய்து பரீட்சை எழுதியவர்கள்தான் நாங்கள்.

ஒரு நாள் எங்களில் ஒருவர் வயற்பக்கம் ஒரு மௌத்து வீட்டுக்குப் போய்விட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது கட்டில் அவனைக் கண்டார். சைக்கிளின் கெரியரை ஒரு கையால் பிடித்து, பின் சில்லை நிலத்தில் படாமல் தூக்கிக்கொண்டு, முன் சில்லை மட்டும் உருட்டி வந்துகொண்டிருந்தான். புத்தகப் பை முதுகில். வேர்த்து வழிந்த சேட்.

"சைக்கிள வீட்ட வெச்சிட்டு நடந்து வந்தா என்ன மகன்?"

"கொஞ்சத் தூரம் ஓடும் சேர். பொறகுதான் இறுகுது. போகக்குள்ள தங்கச்சிய ஏத்தணும்."

தங்கச்சி மூன்றாந் தரம். போகும்போது வழியெல்லாம் நின்று நின்று, இறுகினால் கொஞ்சம் ஆறவிட்டு, அவளை ஏற்றிக்கொண்டு போவானாம். உம்மா குவைத்தில். அவ அனுப்பிய காசில் வாங்கிய சைக்கிள் அது. ஒரு கடையில் காட்டியதற்குப் பின் சில்லை முழுசாக மாற்ற வேண்டும் என்று சொன்னார்களாம். அந்தக் காசை உம்மாவிடம் கேட்க அவனுக்கு மனம் வரவில்லை. "சொன்னா அவ அழுவா சேர்" என்றான்.

அடுத்த நாள் பாடசாலை விட்ட பிறகு சைக்கிளை மாமரத்தடிக்குக் கொண்டுவரச் சொன்னோம். 2022இல் பெற்றோல் இல்லாத மாதங்களில் நாங்களும் சைக்கிளில்தானே பாடசாலைக்கு வந்தோம். பஞ்சர் ஒட்டினோம், செயின் கழன்றால் மாட்டினோம், பிரேக் கட்டை மாற்றினோம். அந்தத் துணிச்சல். சில்லுக்குள் என்ன இருக்கிறது என்று அப்போதும் எட்டிப் பார்த்ததில்லை.

பின் சில்லைக் கழற்றி எடுத்தோம். எக்ஸலை விரலால் சுற்றினால் கறகறவென்று மணல் அரைக்கிற சத்தம். இடப்பக்க நட்டையும் கோனையும் கழற்றியதும் உள்ளே இருந்து கிரீஸுக்குப் பதிலாகச் செம்மண் குழம்பு போல ஒன்று வந்தது. மாரியில் கட்டுக்கு மேலால் தண்ணீர் பாய்ந்த நாட்களில் அவன் முழங்கால் அளவு தண்ணீருக்குள்ளால் இந்தச் சைக்கிளை உருட்டி வந்திருக்கிறான். தண்ணீர் ஹப்புக்குள் போய் கிரீஸைக் கழுவிவிட்டது. பிறகு போல்ஸ் கறள் பிடித்துவிட்டது. வலப்பக்கம் ஏதோ உடைந்து சிக்கியிருந்தது தெரிந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில்தான் பிரீவீல் இருக்கிறது. அதன் ஓட்டைக்குள்ளால் விரல் போகாது, துணி சுற்றிய குச்சிதான் போகும். போதாக்குறைக்கு அதே பக்கம் ஸ்போக் கம்பி ஒன்றும் உடைந்து தொங்கியது. பிரீவீல் இருக்கும்வரை அந்தத் துளையில் புதுக் கம்பி கோக்கவும் முடியாது. ஆக, பிரீவீலைக் கழற்றியே ஆக வேண்டும்.

தெரியாதவர்களுக்காக: செயின் ஓடுகிற பல்லுச் சக்கரம்தான் பிரீவீல். மிதிக்கும்போது சில்லைப் பிடித்து இழுக்கும். மிதிக்காவிட்டால் டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டு சில்லைத் தன்பாட்டில் ஓட விடும். சாதாரண சைக்கிளில் அநேகமாக 18 பல் இருக்கும். போத்தல் மூடி போல அது ஹப்பில் புரியால் ஏறி இருக்கிறது.

அந்தப் புரி எந்தப் பக்கம் கழலும் என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம். இடது பெடலின் புரி தலைகீழானது, அதனால் இதுவும் தலைகீழாகத்தான் இருக்கும் என்றார் கணிதம். விஞ்ஞானம் யோசித்துச் சரியாகச் சொன்னார்: இது சாதாரணப் புரிதான், மிதிக்க மிதிக்க இறுகும், ஆகவே செயின் பக்கம் இருந்து பார்த்தால் மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். நான்கு வருடம் ஒரு பிள்ளை ஏறி மிதித்து இறுக்கிய இறுக்கம் அது. கூடவே மாரித் தண்ணீரின் கறளும்.

பிரீவீலின் நடுவில் இரண்டு வெட்டு இருந்தது. அதற்கென்று ஒரு சாவி இருப்பது எங்களுக்குத் தெரியாது. உளியை வெட்டில் வைத்துச் சுத்தியலால் அடித்தோம். அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினோம், அடித்தோம். இன்னும் பலமாக அடித்தோம். வெட்டின் ஓரம் ஒன்று தெறித்துப் பறந்தது. மற்றதும் கொஞ்ச நேரத்தில் மழுங்கிவிட்டது. தரம் பத்துப் பிள்ளைகளுக்கு விசையின் திருப்பத்தை அன்று காலைதான் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பித்திருந்தார் எங்கள் விஞ்ஞான ஆசிரியர். நடுவில் இருந்து ஒரு அங்குலம்கூடத் தள்ளாத இடத்தில் உளியை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன எதிர்பார்த்தோமோ தெரியாது.

பிறகு வெளிப்பக்கம் இரண்டு சின்னத் துளையுள்ள வளையம் ஒன்றைக் கண்டோம். அதில் ஆணியை வைத்து அடித்தோம். அசையாததால் மற்றப் பக்கமாக அடித்துப் பார்ப்போம் என்றார் ஒருவர். அசைந்தது! "கழலுது, கழலுது" என்று சத்தம் போட்டோம். சுற்றிச் சுற்றி வளையம் கையோடு வந்தது. பல்லுச் சக்கரத்தைப் பிடித்து இழுத்தோம்.

கொத்தமல்லி விதை அளவான போல்ஸ் பொலுபொலுவென்று மணலில் கொட்டின.

நாங்கள் கழற்றியது பிரீவீலை அல்ல, பிரீவீலின் மூடியை. அந்த மூடியின் புரிதான் உண்மையில் தலைகீழானது. உள்ளே இருக்கிற போல்ஸ் ஒவ்வொன்றும் 3 மில்லிமீற்றர்தான் இருக்கும். எங்கள் பாடசாலை வளவு கடல் மணல். விழுந்தது விழுந்ததுதான். டிக் டிக் என்று சத்தம் போடுகிற இரண்டு குட்டி நாக்குகளில் ஒன்றும் எங்கோ தெறித்துவிட்டது. பிரீவீலின் உள்பாதி மட்டும் ஹப்பிலேயே, முன்னைப் போலவே இறுக்கமாக இருந்தது.

பிள்ளை முழங்காலில் இருந்து மணலைத் துழாவத் தொடங்கினான். "விடு மகன், புதுசு வாங்கலாம்" என்றோம். அவன் விடவில்லை. பதினொன்றோ பன்னிரண்டோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழும்பினான். "பரவாயில்ல சேர்" என்றான். பிந்தி வந்ததற்கு அவனை மைதானத்தில் நிறுத்திய எங்களிடம் அவன் அப்படிச் சொன்னான். மூவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அஸர் பாங்கு சொன்னது, அதைச் சாட்டாக வைத்து எழும்பினோம்.

தொழுதுவிட்டு, சில்லையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சந்தைப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் காக்காவிடம் போனோம். பெயர்ப் பலகை இல்லாத கடை. ஊரில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு எவரைச் சொல்கிறோம் என்று விளங்கியிருக்கும். 2022இல் அவருடைய கடை வாசலில் சைக்கிள் வரிசை ஒழுங்கை முனை வரைக்கும் நின்றது. இப்போது பின்னேரங்களில் தனியே இருந்து றேடியோ கேட்கிறார்.

சில்லைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இத ஆரு அடிச்ச?"

"நாங்கதான் காக்கா."

"மூணு சேர்மாரும் சேர்ந்தா?"

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும் என்று முதலில் காட்டினார். பிரீவீல் கழற்றும் சாவிகள். இரண்டு பல்லுள்ளது, நான்கு பல்லுள்ளது, கியர் சைக்கிளுக்கென்று சுற்றிவரப் பல்லுள்ளது. இரண்டு பல்லுச் சாவி கடையில் வாங்கியதில்லை. பழைய டிரக்டர் இரும்புத் துண்டொன்றை அரத்தால் அராவி அவரே செய்தது. பல்லை வெட்டுக்குள் இறக்கி, அதற்கு மேல் எக்ஸல் நட்டைப் போட்டுக் கையால் இறுக்க வேண்டும். அதுதான் முக்கியம் என்றார். நட் பிடித்துக்கொண்டால் சாவி வழுக்கி வெளியே வராது, வெட்டும் உடையாது. பிறகு சாவியை வைஸில் இறுக்கி, சில்லை மேலே படுக்க வைத்து, ரிம்மை இரண்டு கையாலும் பஸ் ஸ்டியரிங்கைப் பிடிப்பது போலப் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். "சாவிய திருப்புறல்ல, சில்லத் திருப்புற" என்றார். ரிம் ஒரு முழத்துக்கு மேல் அகலம். ஒரு பிள்ளையின் பலமே போதும். விஞ்ஞான ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டார்.

இன்னொன்றும் சொன்னார். இறுக்கம் விட்ட சத்தம் கேட்டவுடன் நிற்பாட்டி, நட்டைத் தளர்த்த வேண்டும். தளர்த்தாமல் தொடர்ந்து திருப்பினால் பிரீவீல் வெளியே வர நட் விடாது. எக்ஸல் புரி போய்விடும்.

எங்கள் சில்லுக்கு அந்த வழி இல்லை, வெட்டையே நாங்கள் மழுக்கிவிட்டோமே. ஆனால் வெளிச் சக்கரம் போனதில் ஒரு நன்மை, மிஞ்சிய உள்பாதியை நேரே வைஸின் வாயில் கடிக்கக் கொடுக்கலாம். கொடுத்தார். "பிடிங்க" என்றார். மூன்று பேரும் ரிம்மைப் பிடித்தோம். பிள்ளையையும் பிடிக்கச் சொன்னார். டக் என்று ஒரு சத்தம், ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். சில்லு கையோடு சுற்றியது. பத்துச் சுற்றளவில் கழன்று வந்தது.

அதற்குப் பிறகு அவர் எங்களுடன் பேசவில்லை, பிள்ளையோடுதான் பேசினார்.

"எண்ணு வாப்பா."

பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 போல்ஸ், கால் அங்குலம். இடப்பக்கம் 9 இருந்தது. வலப்பக்கம் 7தான் முழுசு. மீதி இரண்டும் உடைந்து சில்லுச் சில்லாகக் கிடந்தன. சில்லை இறுக்கியது அந்தத் துண்டுகள்தான். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்ததும் போல்ஸ் ஓடுகிற கிண்ணத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். பிள்ளையையும் தடவச் சொன்னார். நகம் மாட்டினால் குழி விழுந்திருக்கிறது, ஹப்பை மாற்றத்தான் வேண்டும். மாட்டவில்லை. வலப்பக்கக் கோனில் மட்டும் குழி இருந்தது. கோன் ஒன்று, புது போல்ஸ் 18, கம்பி ஒன்று, பிரீவீல் ஒன்று. பிரீவீல் நாங்கள் உடைத்தது. மற்றதெல்லாம் சேர்த்தாலும் ஒரு மத்தியானச் சாப்பாட்டுக் காசுக்குக் கொஞ்சம் கூட. முழுச் சில்லையும் மாற்ற வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருந்தார்களே, அதை இங்கே ஞாபகப்படுத்துகிறோம்.

முதலில் கம்பியைக் கோத்தார். பிறகு கிண்ணத்தில் கிரீஸ் அப்பி, போல்ஸை ஒவ்வொன்றாக ஒட்ட வைத்தார். ஒன்பதும் வைத்த பிறகு இன்னும் ஒன்று போகுமாப் போல இடைவெளி தெரியும், ஆசைப்பட்டு அடைக்கக் கூடாது. எக்ஸலை ஏற்றி, கோனைக் கையால் இறுக்கி, ஆட்டம் நின்றவுடன் மேலே லொக் நட். லொக் நட்டை இறுக்கும்போது கோனும் சேர்ந்து கொஞ்சம் இறுகும், அதனால் திரும்பவும் பார்க்க வேண்டும். நான்கைந்து தடவை தளர்த்தி இறுக்கினார். கடைசியில் எக்ஸலின் இரண்டு நுனியையும் பிடித்துச் சில்லைத் தூக்கினார். சில்லு தானாகச் சுற்றி, வால்வு இருக்கிற பக்கம் கீழே வந்து, அங்குமிங்கும் ஆடி நின்றது. வால்வின் பாரத்துக்கே சில்லு அசைய வேண்டும், பக்கவாட்டில் துளியும் ஆடக் கூடாது. அதுதான் அவருடைய கணக்கு.

புது பிரீவீலைப் போடும் முன் ஹப்பின் புரியில் கிரீஸ் தடவினார். இதைச் செய்யாததால்தான் பழையது அப்படிப் பிடித்திருந்ததாம். புரி மிக நெருக்கமானது, அங்குலத்துக்கு 24 சுற்று. கோணலாக ஏற்றினால் ஹப் நாசம். முதலில் எதிர்ப்பக்கம் மெல்லச் சுற்றி, புரி உட்காருகிற இடத்தை விரலால் உணர்ந்து, பிறகு கையாலேயே ஏற்றினார். இறுக்கவில்லை. "இறுக்கல்லியா காக்கா?" என்று கேட்டோம்.

"இவன் ஏறி ரெண்டு மிதி மிதிச்சா அது தன்பாட்டுல இறுகும்."

காசு கேட்டோம். பிள்ளையின் வேலைக்குக் கூலி வேண்டாம் என்றார். பிரீவீலுக்கும் அதைக் கழற்றிய கூலிக்கும் மட்டும் எங்களிடம் சதம் குறைக்காமல் வாங்கிக்கொண்டார். நியாயம்தான்.

பிள்ளை மஃரிபுக்கு முன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவசரப்பட்டான். ஒழுங்கை முனை வரைக்கும் போய் மிதிக்காமல் விட்டுப் பார்த்தான். டிக் டிக் சத்தம் எங்களுக்கும் கேட்டது. அடுத்த நாள் காலை 7.15க்கு வந்துவிட்டான். காலைக் கூட்டத்தில் அவனைப் பற்றிப் பேசியவர் அதே கூட்டத்தில் அதே ஒலிவாங்கியில் நின்று, தான் சொன்னது பிழை என்று சொன்னார். பிள்ளைகள் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று பயந்துதான் இருந்தோம்.

அதற்குப் பிறகு பாடசாலை மதிலோரம் நிற்கிற சைக்கிள்களை ஒரு நாள் மெல்லத் தட்டிப் பார்த்தோம். பின் சில்லைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் கணக்கானவை ஆடின. சில சுற்றும்போதே கறகறத்தன. எல்லாம் வயற்பக்கத்துப் பிள்ளைகளின் சைக்கிள். மாரித் தண்ணீர் ஒருவனைத் தெரிந்தா நனைத்தது? அந்தப் பிள்ளைகளின் வரவு இடாப்பையும் எடுத்துப் பார்த்தோம். அதில் கண்டதை இங்கே எழுத விருப்பமில்லை, அதிபருக்குச் சொல்லியிருக்கிறோம்.

அதிபர் பழைய தளபாட அறையின் ஒரு மூலையைத் தந்திருக்கிறார். காக்கா சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வந்து காட்டித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். ஒரே ஒரு நிபந்தனை, சேர்மார் சுத்தியலைத் தொடக் கூடாதாம். போன சனிக்கிழமை முதல் சில்லைக் கழற்றியது அந்தப் பிள்ளைதான். சாவியை வைத்து, நட்டைப் போட்டு, காக்காவின் வைஸில் இறுக்கி, தங்கச்சியை மற்றப் பக்கம் ரிம்மைப் பிடிக்க வைத்துத் திருப்பினான். சத்தம் கேட்டதும் நாங்கள் கைதட்டினோம். அவன் நட்டைத் தளர்த்த மறக்கவில்லை. நாங்கள் மறந்திருப்போம்.

இப்போதும் சில நாள் பிந்துகிறான். தங்கச்சி காலைச் சாப்பாட்டை மெல்ல மெல்லத் தின்கிறாளாம். கேட்டோம், சொன்னான்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. காக்காவின் வைஸை ஒவ்வொரு கிழமையும் தூக்கி வந்து திரும்பக் கொண்டு போவது சரிவராது, அவருக்கும் அதில்தான் தொழில். எவர் வீட்டிலாவது, பழைய கராஜிலாவது பாவிக்காமல் கறள் பிடித்துக் கிடக்கிற வைஸ் இருந்தால் பாடசாலைக்குத் தாருங்கள். நான்கு அங்குல வாய் போதும், கறளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கால் அங்குல போல்ஸ், கிரீஸ் டின், பழைய ஸ்பெனர் எதுவானாலும் சரி. காசாக வேண்டாம், பொருளாகத் தாருங்கள். வாங்கினதை எல்லாம் எழுதி அடுத்த பதிவில் போடுவோம், இன்ஷா அல்லாஹ்.

பிள்ளையின் சைக்கிளை அனுப்புகிறவர்கள் சில்லைக் கழற்றாமல் அப்படியே அனுப்புங்கள். பின் சில்லு ஆடுகிறதா, இறுகுகிறதா, எப்போதிருந்து என்று ஒரு துண்டில் எழுதிக் கட்டிவிட்டால் உதவியாக இருக்கும். வீட்டில் உளியும் சுத்தியலும் எடுத்துத் தொடங்கிவிட்டவர்கள் வெட்கப்படாமல் அதையும் எழுதுங்கள்.